‘நகை பத்திரம்’ என்று கூவியவன்

திருடனுக்காக விசில் அடித்து, பஸ்ஸை நிறுத்தி, மரியாதையாக இறக்கிவிட்டேன். திருடாத பெண்ணைக் கைகாட்டிப் போலீஸில் ஒப்படைத்தேன். வழியில் யாராவது இறங்கினார்களா என்று கேட்டபோது, இல்லை என்று பொய் சொன்னேன். மூன்றையும் ஒரே காலையில் செய்து முடித்தேன்.

எங்கள் ஓய்வுபெற்றோர் சங்க மலருக்கு அனுபவக் கட்டுரை கேட்டு வந்த இளைய தோழர்கள், “கண்டக்டர்களிலேயே நீங்கள் ஒருவர்தான் எம்.ஏ. தமிழ், நல்லதாக ஏதாவது எழுதுங்கள்” என்றார்கள். நல்லது எதுவும் நினைவுக்கு வரவில்லை. அண்மையில் ஒரு பஸ்ஸில் போனபோது ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், பயணிகள் தங்கள் நகைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்படி இனிமையாகச் சொன்னது. என் எதிரே நின்றிருந்த பெண்ணின் கை உடனே கழுத்துக்குப் போயிற்று. இதைத்தான் எழுத வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

எண்பதுகளில் எனக்கு இந்த வேலை கிடைத்தது. அதற்கு முன் கல்லூரி ஆசிரியர் வேலைக்காகப் பல ஊர்களுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய், எல்லா ஊர்களிலிருந்தும் பத்திரமாகத் திரும்பி வந்திருந்தேன். பயிற்சி கொஞ்ச நாள்தான். நோட்டை மடித்து விரலிடுக்கில் செருகுவது, பார்க்காமலே டிக்கெட் கிழிப்பது, ஓடும் வண்டியில் எதையும் பிடிக்காமல் நிற்பது. நிற்க ஒரு விசில், புறப்பட இரண்டு. இவ்வளவும் தெரிந்ததும் என்னைப் பூந்தமல்லி – ஆவடி தடத்தில் ஏற்றிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி கண்டக்டர் கூட்டத்துக்குள் அலைவதில்லை. பின்வாசல் அருகே தன் இருக்கையில் உட்கார்ந்துகொள்வார். காசு கைமாறிக் கைமாறி அவரிடம் வரும். டிக்கெட்டும் சில்லறையும் அதே கைகளின் வழியே திரும்பிப் போகும். உட்கார்ந்த இடத்தில் என் தமிழ் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. அந்த நாட்களில் வண்டியில் செயின் அறுப்பது அடிக்கடி நடந்தது. பெண்களை எச்சரிக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். மற்ற கண்டக்டர்கள் “நகை பத்திரம்” என்று ஒரு வார்த்தையோடு விட்டுவிடுவார்கள். நான் பாட்டுக் கட்டினேன்.

“செயினைச் செருகு ரவிக்கையிலே, சில்லறையைக் கொடு என் கையிலே!”

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: கட்டியது நான்தான். பஸ் சிரிக்கும். “இன்னா நைனா, பஸ்ஸு வுட்றியா, கச்சேரி வுட்றியா?” என்று யாராவது கேட்பார்கள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டம் ஏறியதும் கூவுவேன். கூவியவுடன் பெண்களின் கைகள் வரிசையாகக் கழுத்துக்குப் போகும். ஒருவர் தாலிச் சங்கிலியைத் தொடுவார், ஒருவர் புடவைக்குள் இருக்கும் நெக்லஸைத் தொடுவார், ஒருவர் கைப்பையை மார்போடு அணைப்பார். என் தமிழுக்கு இவ்வளவு சக்தியா என்று பூரித்துப் போவேன்.

என் ரசிகர்களில் முதன்மையானவர் ஒரு சஃபாரி சூட்காரர். நடுத்தர வயது, எண்ணெய் வைத்து வாரிய தலை, கையில் எப்போதும் மடித்த செய்தித்தாள். ஆவடித் தொழிற்சாலையில் ஏதோ அதிகாரி என்று நானே நினைத்துக்கொண்டேன், அவர் சொல்லவில்லை. “கண்டக்டர் சார், உங்கள் எச்சரிக்கை மிகவும் அவசியமானது. விடாமல் செய்யுங்கள்” என்பார். இதையெல்லாம்விட முக்கியமானது, டிக்கெட்டுக்கு எப்போதும் சரியான சில்லறை கொடுப்பார். கண்டக்டராக இருந்தவர்களுக்குத்தான் இது புரியும். எங்களுக்கு உலகில் இரண்டே சாதி. சில்லறை கொடுப்பவன் நல்லவன். கொடுக்காதவன் கெட்டவன். எம்.ஏ. படித்தும் எனக்கு மூன்றாவது சாதி தெரியவில்லை.

இரண்டாவது சாதிக்கு அஞ்சலை என்ற பெண் தலைவி. பாரிவாக்கத்தில் கீரைக்கட்டுக் கூடையோடு ஏறி, ஆவடியில் இறங்கி, சேக்காட்டுத் தெருக்களில் வீடு வீடாக விற்பாள். அவளிடம் ஒருநாளும் சில்லறை இருக்காது. கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டால் சண்டைக்கு வருவாள்.

“கீரை இன்னா சாரே, காலு மேல காலு போட்டுகினு சீட்டுலயா குந்திகினு வருது? அதுக்கு டிக்கெட்டு கேக்குற!”

பஸ் அவள் பக்கம் சிரிக்கும். என் பாட்டுக்குச் சிரித்ததைவிட அதிகமாகச் சிரிக்கும். அதை நான் மறக்கவில்லை.

அது ஒரு முகூர்த்த நாள். பூந்தமல்லி மண்டபங்களில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பட்டுப்புடவைகள் மொத்தமாக ஏறின. அவர்களில் ஒருவர் சரோஜா அம்மாள். மதுரைப் பக்கம், கணவருக்குத் தொழிற்சாலை வேலை, ஆவடி குடியிருப்பில் வீடு. கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி. பாரிவாக்கத்தில் ஏறிய அஞ்சலை, நகர இடமில்லாமல் அந்த அம்மாளை ஒட்டி நின்றாள். சஃபாரிக்காரர் அவர்கள் இருவருக்கும் பின்னால் நின்றார். இவ்வளவு தங்கத்தை ஒரே வண்டியில் நான் பார்த்ததில்லை. கவிதை தானாக ஊறியது.

“பட்டு உடுத்தி வந்தீங்களே, பத்து சவரன் போட்டீங்களே, கட்டுக் காவல் நீங்கதானே, கழுத்தைக் கொஞ்சம் பாருங்களேன்!”

எல்லாக் கைகளும் கழுத்துக்குப் போயின. பருத்திப்பட்டு நிறுத்தம் தாண்டியதும் சரோஜா அம்மாள் அலறினார்.

“ஐயோ, ஏஞ் செயினு! ஏஞ் செயினக் காணாம்யா!”

வண்டியில் திருட்டு நடந்தால் செய்ய வேண்டியதை எங்களுக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். விசில் அடிக்கக் கூடாது. எந்த நிறுத்தத்திலும் நிற்கக் கூடாது. கண்டக்டர் பின்படியை மறித்து நிற்க, டிரைவர் வண்டியை நேராகக் காவல் நிலையத்துக்கு விட வேண்டும். ஒரு பயணி கூட இறங்கக் கூடாது. “கலெக்டரே வந்தாலும் ஸ்டேஷன் வாசல்லதான் இறங்கணும்” என்பார் எங்கள் பணிமனை டிராஃபிக் இன்ஸ்பெக்டர் வரதராஜன்.

நான் படியை மறித்து நின்றேன். அதுவரை சரி. பிறகு, யாரும் கேட்காமலே, கையை நீட்டினேன்.

“இந்தக் கீரைக்காரம்மாதான் உரசிக்கிட்டு நின்னுச்சு. கூடையைப் பாருங்க!”

“யம்மா! நானா?” என்றாள் அஞ்சலை. “இன்னா சாரே, கூடைக்கு டிக்கெட்டு எடுக்கலன்னா திருடியா?”

அதற்குள் யாரோ கூடையைக் கவிழ்த்துவிட்டார்கள். முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை எல்லாம் தரையில் சிதறின. செயின் இல்லை. அவள் குனிந்து கட்டுகளைப் பொறுக்கும்போதே செருப்புக் கால்கள் அவற்றை மிதித்துக்கொண்டிருந்தன.

அப்போது சஃபாரிக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“சார், ஃபாக்டரி கேட் சாத்திட்டா எனக்கு அரை நாள் சம்பளம் போயிடும். என்னைச் சோதிக்கணும்னா சோதிச்சுக்குங்க.” இரண்டு கைகளையும் தூக்கினார். செய்தித்தாள் இடைஞ்சலாக இருந்ததால் அதை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

“சே சே, உங்களையா சார்!” என்றேன்.

விசில் அடித்தேன்.

முன்னாலிருந்து டிரைவர் தேவராஜ் அண்ணன் கத்தினார். “இன்னாத்துக்குபா விசிலு? ஸ்டேஷனுக்குத்தான போறோம்?”

“ஒரு பெரிய மனுஷர் இறங்கணும்ணே, நிறுத்துங்க!”

வண்டி நின்றது. அவர் இறங்கினார். செய்தித்தாளைத் திருப்பிக் கொடுத்தேன். “பாவம் அந்தம்மா. திருடினவளை விட்டுடாதீங்க” என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் இரண்டு விசில் அடித்தேன்.

காவல் நிலையத்தில் எல்லோரையும் சோதித்தார்கள். எதுவும் கிடைக்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்: “வழியில எவனாவது இறங்கினானா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை சொல்லிவிட்டாள். “ஒர்த்தர் எறங்குனாரு சாரே! பேப்பரு வெச்சிகினு! இவருதான் விசிலு அட்ச்சாரு!”

இறக்கிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டால் வேலைக்கு ஆபத்து. எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. இது காரணம், நியாயம் அல்ல.

“இல்லை சார். அந்தம்மா பொய் சொல்லுது” என்றேன்.

தேவராஜ் அண்ணன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சரோஜா அம்மாள் தலையில் கைவைத்து அழுதுகொண்டிருந்தார். மற்ற பயணிகளுக்கு வீட்டுக்குப் போனால் போதும்; போலீஸ் ஸ்டேஷனில் தன்னைக் கேட்காத கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை. எல்லோரையும் அனுப்பினார்கள். செயினை ஜன்னல் வழியே வெளியே போட்டிருப்பாள், எடுத்த கூட்டாளி யார் என்று விசாரிக்க வேண்டும் என்று அஞ்சலையை மட்டும் மாலை வரை உட்கார வைத்தார்கள்.

பணிமனையில் வரதராஜன் சார் விசாரித்தார். அவர் அதட்டுகிற ஆள் இல்லை. மேசையில் வேர்க்கடலைப் பொட்டலம் இருக்கும். ஒவ்வொன்றாக உடைத்து, மேல்தோலை ஊதிவிட்டு, பருப்பைத் தின்னாமல் மேசைமேல் வரிசையாக அடுக்குவார். நாம் சொல்லி முடித்ததும் “அப்புறம்?” என்பார். சொன்னதற்குமேல் ஏதாவது சேர்த்துச் சொல்லத் தோன்றும். சேர்த்ததும் மறுபடி “அப்புறம்?” என்பார். அந்த வரிசை நீள நீள, பெரிய பெரிய பொய்யர்களெல்லாம் கண்கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

“அப்புறம்?” என்றார்.

“அவ்வளவுதான் சார். யாரும் இறங்கலை.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் இல்லை சார்.”

வரிசையைக் கையால் வழித்து வாயில் போட்டுக்கொண்டார். நான் தப்பித்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

அஞ்சலை கொஞ்ச காலம் பஸ்ஸில் வரவில்லை. சேக்காட்டில் சில வீடுகளில் அவளைக் கேட்டுக்குள் விடுவதில்லை என்றும், பூந்தமல்லி மார்க்கெட்டில் வந்த விலைக்குக் கீரையைத் தள்ளிவிட்டுப் போகிறாள் என்றும் கேள்விப்பட்டேன். நான் கூவுவதை நிறுத்தவில்லை. இன்னும் உரக்கவே கூவினேன். திருட்டு நடந்த வண்டியின் கண்டக்டர் அல்லவா, எச்சரிக்கை கூடுதலாக வேண்டாமா?

சில மாதங்கள் கழித்து அம்பத்தூரில் ஒரு பஸ்ஸில் செயின் அறுத்தவனைப் பயணிகளே பிடித்துவிட்டார்கள். அவன் சொன்ன பழைய கதைகளில் எங்கள் வண்டியும் இருந்ததால், அடையாளம் காட்ட என்னை அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு அழைத்தார்கள். வரதராஜன் சாரும் கூட வந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் சஃபாரிக்காரர். சூட் கசங்கியிருந்தது. அதுவரை என்னிடம் படித்தவர் தமிழ் பேசிய வாய் அன்று வேறு தமிழ் பேசியது.

“வாங்கோ சார்! கொரலு எப்டிகீது? இன்னிக்கு ஒரு பாட்டு எட்த்து வுட்றது?”

அங்கிருந்த சப்-இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இவரை எப்படித் தெரியும்?” என்று கேட்டார்.

“இவுரு இல்லன்னா நமக்கு ஏது சார் பொயப்பு? பொம்பளைங்க நகைய எங்க வெச்சிகீறாங்கன்னு நாம இன்னா கண்டோம்? எல்லாம் பொடவையால மூடிகினு வருவாங்க. இவுரு ஒரு கொரலு குடுப்பாரு. அல்லாரும் தொட்டுக் காட்டுவாங்க. அவசரமா தொட்டா அசலு. தொடலன்னா கவரிங்கு. எந்தப் பக்கம் கொக்கின்னுகூட வெரலு சொல்லிடும். அதுக்கப்பால நம்ம வேல ஈஸி.”

“அன்னைக்கு செயின் எங்கே இருந்தது?”

“பேப்பருக்குள்ள. அந்த பேப்பரத்தான் சாரு கையில குட்த்தேன். எறங்குனதும் பத்தரமா திருப்பிக் குட்த்தாரு. தங்கமான மன்சன் சார். விசில் அட்ச்சி எறக்கி வுட்டதே இவுருதான்.”

வரதராஜன் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். கையில் கடலை இல்லை. ஆனாலும் கேட்டார்.

“அப்புறம்?”

எல்லாவற்றையும் சொன்னேன். ஆண்டு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். அது எனக்குச் சலுகை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சரோஜா அம்மாளின் செயின் எப்போதோ உருகிப் போயிருந்தது. வழக்கில் அஞ்சலையின் பெயர் இல்லை என்று ஆயிற்று. ஆனால் அதைச் சேக்காட்டுத் தெருக்களில் போய்ச் சொல்வது யாருடைய வேலையும் அல்ல. என்னுடைய வேலை என்று எனக்குத் தோன்றியது. அங்கேதான் மறுபடி என் தமிழ் குறுக்கே வந்தது.

கூவுவதை விட்டுவிட்டேன். நகை போட்ட பெண்கள் அருகில் நின்றால் மட்டும், “முந்தானையைக் கழுத்தைச் சுத்திப் போட்டுக்கோங்கம்மா” என்று மெதுவாகச் சொல்வேன். அஞ்சலைக்குப் பரிகாரம் எப்படிச் செய்வது என்று பல நாள் யோசித்தேன். பழி சொன்னது எல்லோருக்கும் கேட்கும்படி. மன்னிப்பும் எல்லோருக்கும் கேட்கும்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. எழுதிப் பார்த்து, மனப்பாடமும் செய்துகொண்டேன்.

அஞ்சலை மறுபடி வண்டியில் வரத் தொடங்கியிருந்தாள். முன்வாசலில் ஏறி, எனக்கு முகம் காட்டாமல் டிரைவருக்குப் பின்னால் நின்றுகொள்வாள். காசைக் கைமாற்றி அனுப்புவாள். இப்போது கூடைக்கும் சேர்த்து, சரியான சில்லறையாக.

ஒருநாள் கூட்டம் நிறைந்த வண்டியில் எழுந்து நின்றேன்.

“பயணிகளுக்கு ஒரு செய்தி. முன்பு இந்தத் தடத்தில் ஒரு செயின் திருட்டுப் போனது. கீரை விற்கும் ஓர் அம்மா மீது நான் அநியாயமாகப் பழி சுமத்தினேன். அவர் குற்றமற்றவர். உண்மைத் திருடன் பிடிபட்டான். உங்கள் எல்லோர் முன்னிலையிலும் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.”

வண்டியில் கீரைக்கூடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பின்பக்கத்துத் தலைகளெல்லாம் அந்தப் பக்கம் திரும்பின. முன்பக்கம் இருந்தவர்களுக்கு இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. எனவே செய்தி டிக்கெட்டைப் போலவே கைமாறிப் போனது.

“இன்னாவாம்?”

“செயின் திருட்டாம்.”

“யாரு?”

“கீரைக்காரம்மாவாம்.”

“இதுவா? பாத்தா அப்டி தெரிலியே!”

“எத்தினி சவரனாம்?”

முன்னால் போய்ச் சேருவதற்குள் என் மன்னிப்பு உதிர்ந்துவிட்டது. திருட்டு மட்டும் போய்ச் சேர்ந்தது. தேவராஜ் அண்ணன் மாற்றலாகிப் போயிருந்தார், புது டிரைவர் கழுத்தைத் திருப்பாமலே கத்தினார்: “இன்னாபா, திருடி மாட்டிகிச்சா? வண்டிய ஸ்டேஷனுக்கு வுடவா?”

“வேணாம்ணே! திருடி இல்லை! திருடி இல்லை!” என்று நான் கத்தக் கத்த, பெண்கள் தங்கள் பைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள்.

அஞ்சலை கூடையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து பின்னால் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

“யோவ் சாரே. இந்த பஸ்ஸுல பாதிப் பேரு புச்சு. அன்னிக்கு நட்ந்தது தெரியாது. தெரிஞ்சவங்களும் மறந்துட்டாங்கோ. அத்தொட்டுதான் நான் மறுக்கா ஏறுனேன். இப்ப அல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சு. யாரு கேட்டா ஒன்ன?”

“மன்னிப்புக் கேட்கத்தாம்மா...”

“என்னாண்ட கேக்கணும்னா என்னாண்ட வந்து கேளேன். ஊருக்கு ஏன் கூவுற? உன் வாய் இருக்குதே, அத்த மூடிகினு டிக்கெட்டு குடு. அது போதும் எனக்கு.”

அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள். ஆவடி இன்னும் வரவில்லை.

மறுநாள் அவள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பாரிவாக்கத்தில் அவள் வீட்டுக்குப் போய்விட்டு வரலாமா என்றுகூடக் கோழைத்தனமாக யோசித்தேன். பிறகு ஓய்வு நாளில், அவள் இருக்கும்போதே போனேன். அவள் வாசலில் கீரை கட்டிக்கொண்டிருந்தாள். யாருக்கும் கேட்காத குரலில், “தப்பு பண்ணிட்டேம்மா. ஸ்டேஷன்ல பொய் சொன்னேன்” என்றேன். அவள் வாழைநாரைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள். “தெரியும். நான்தான் பக்கத்துல நின்னுகினு இருந்தனே” என்றாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் வண்டியில் ஏறினாள். இந்த முறை பின்வாசலில் ஏறி என் அருகிலேயே நின்றாள். மனம் ஆறிவிட்டது என்று மகிழ்ந்தேன். ஆவடி வந்தது. இறங்குவதற்குமுன் கூடையை என் காலடியில் இறக்கினாள். ஈரத்துணியை விலக்கினாள். கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் புரட்டிக் காட்டினாள்.

“என்னம்மா இது? வேணாம்மா.”

“பாத்துக்க சாரே. நாளிக்கு எவ செயினாவது காணலன்னா, நீயே சொல்லணும், நான் பாத்தன்னு.”

அன்று மட்டும் என்று நினைத்தேன். மறுநாளும் காட்டினாள். அதற்கடுத்த நாளும். தடம் மாற்றித் தரும்படி வரதராஜன் சாரிடம் போய்க் காரணத்தைச் சொன்னேன். கடலையை உடைத்துக்கொண்டே “அப்புறம்?” என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

தொண்ணூறுகளில் பணிமனை மாறும்வரை அந்தத் தடத்தில்தான் இருந்தேன். என்னைப் பார்த்துச் சிரிப்பாள், வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்பாள், ஒருமுறை என் மகளுக்குக் காய்ச்சல் என்றதும் தூதுவளை பறித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆனால் கூடையைக் காட்டுவதை மட்டும் விடவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டால் படியில் இறங்காமல் நிற்பாள். பின்னால் நிற்கும் கூட்டம் முணுமுணுக்கும், டிரைவர் ஹார்ன் அடிப்பார். ஆகவே தினமும் குனிந்து, கூடையின் அடிவரை பார்த்து, “சரிம்மா” என்பேன். அதற்குப் பிறகுதான் அவள் துணியை மூடிக்கொண்டு இறங்குவாள்.